நீ போட்ட திகதி

உ
சிவமயம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
18.03.2025

அன்புள்ள மகன் சிவகரனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் மருமகள் யதுர்ஷிகாவும் பிள்ளை லக்சிகாவும் அந்த ஜேர்மன் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க உருத்திரபுரத்துச் சிவன் பார்த்துக்கொள்ளட்டும். சுகம் விசாரிப்பது இவ்வளவுதான். இதற்கு மேல் ஆசையாக எழுத எனக்கு மனம் வரவில்லை, உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். போனில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் எப்போதும் உன் கொப்பரின் கதிரைக் கையில்தான் கிடக்கிறது. கண் மங்கியதிலிருந்து அந்த மனுசனுக்குப் பாம்புக் காது. நான் வேலியோரம் போய் நின்று மெல்லக் கதைத்தாலும், ஆரோடை கதைக்கிறீர், கரனோ, இஞ்சை தாரும் எண்டு கூப்பிடுவார். அதனால்தான் குசினிக்குள் பலகையைப் போட்டு இருந்து எழுதுகிறேன். கறி அடிப்பிடித்தாலும் பரவாயில்லை. எழுதி முடித்து நானே பஸ் ஏறிப் பரந்தனுக்குப் போய்த் தபால் பெட்டியில் போடுவேன். பாதி வாசித்துவிட்டுப் போன் எடுத்து அழாதே. கடைசி வரிவரைக்கும் வாசி, பிறகு யோசி.

உன்னுடைய இரண்டாம் உலக யுத்தப் புத்தகம் மாசிக் கடைசியில் வந்தது. கொப்பர் பார்சலை என்னை உடைக்க விடவில்லை, தானே தடவித் தடவி உடைத்தார். புத்தகத்தை மடியில் வைத்து, அட்டையில் உன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என் விரலைப் பிடித்துக் காட்டச் சொன்னார். அந்த நேரம் எனக்கும் சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நெல் விதைக்கிறவன் பிள்ளை முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறான் என்று அயல் முழுக்கச் சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது எல்லாம் அந்த மனுசன் பழக்கின பழக்கம். சூடு அடித்து முடிந்த களத்தில் உங்கள் இரண்டு பேரையும் இருத்தி, நெல்லுக் குவியல் ரஷ்யா, பாக்கு எல்லாம் ஜேர்மன்காரன்ரை டாங்கி, இந்த வாய்க்கால்தான் வொல்கா ஆறு எண்டு காட்டினவர் அவர்தானே. நான் தேத்தண்ணி கொண்டுவந்து கால் வைத்தால், ஐயோ மொஸ்கோவை மிதிச்சுப்போட்டீர் எண்டு கத்துவார். அண்ணன் சிரிப்பான். நீ சிரிக்க மாட்டாய், நீ அப்போதே கொப்பியில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பாய்.

அவருக்குக் கண் தெரியாததால் ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் இருந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சண்டைக்காரப் பெயர்களை வாசித்து வாசித்து என் நாக்குச் சுளுக்கிவிட்டது. அவர் சும்மா கேட்கிற ஆளா. ஒரு திகதி பிழைத்தால் போதும், பிழை என்று ஒரு சத்தம், கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடும். பிழையான இடத்தில் என்னைப் பென்சிலால் கோடு போடச் சொல்கிறார், எல்லாவற்றையும் சேர்த்து உனக்கு அனுப்ப வேண்டுமாம். இதுவரை ஐந்து கோடு. ஜேர்மன்காரன் ஸ்டாலின்கிராட்டிலைதான் தோத்தவன் எண்டு எல்லாரும் எழுதுறாங்கள், இவனும் எழுதுறான், அவன் முதல் வருசமே மொஸ்கோ வாசலிலை பனிக்குள்ளை நிண்டு தோத்துப்போனான் எண்டு களத்திலை எத்தினை தரம் காட்டினனான் எண்டு உன்னில் குறை. எங்கடை திருகோணமலைக்கு அரைப்பக்கமோ, ஜப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்டு நாலாம் நாள் அங்கை வந்து போட்டவன், எண்ணெய்த் தாங்கி எரிஞ்சது, இவனுக்கு அது ஒரு சாமானாத் தெரியேல்லையோ எண்டு இன்னொரு குறை. அது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள கொழுவல், நான் அதற்குள் வரவில்லை.

என் கோபம் வேறு. முதலில் சின்னக் கோபத்தைச் சொல்கிறேன். லெனின்கிராட் நகரத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே இருந்த சனத்துக்கு ஒரு நாளைக்கு நூற்றியிருபத்தைந்து கிராம் பாண்தான் கிடைத்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் எத்தனை பீரங்கி என்று எண்ணத் தொடங்கிவிட்டாய். அந்தப் பாணை ஆர் வெட்டினது, ஆர் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெறும் சுடுதண்ணி குடித்தது என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லையா. மிட்வே கடலில் ஐந்தே நிமிடத்தில் யுத்தம் திரும்பியது என்று எழுதியிருக்கிறாய். ஐந்தே நிமிடமாம். பதுங்கு குழிக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்து பார், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். கொஹிமாவில் ஒரு டெனிஸ் பந்தடி முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு படை, இந்தப் பக்கம் ஒரு படை என்று விளையாட்டுக்கு வர்ணனை சொல்கிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். நீ இரண்டாயிரத்து ஏழிலேயே போய்விட்டாய். உனக்கு யுத்தம் என்றால் படமும் அம்பும்தான். நல்லது, நீ தப்பியதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட வேண்டும்.

இனிப் பெரிய கோபத்துக்கு வருகிறேன். முதல் நாள் அட்டையை வாசித்து, உன் பெயரை வாசித்து, அடுத்த தாளைப் புரட்டினேன். ஐந்தாம் பக்கம், சமர்ப்பணம். களத்தில் நெல்லைப் பரப்பி உலகைக் காட்டிய அப்பாவுக்கும் என்று சத்தமாக வாசித்தேன். கொப்பருக்கு உடனே கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்ததும் வாசிக்காமல் நிறுத்திவிட்டேன். 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் வீழ்ந்த அண்ணா கிருசாந்தனுக்கும். பிறகு என்ன எண்டு கேட்டார். அவ்வளவுதான், உங்கடை பேர் மட்டும்தான் எண்டு சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அடேய், உனக்கு ஆர் இந்தத் திகதியைத் தந்தது? என்னைக் கேட்டாயா? அப்பாவைக் கேட்டாயா? பிறகு புத்தகத்தின் நடுவில்தான் உன் புத்தி எங்கே போயிருக்கிறது என்று விளங்கியது. காணாமற்போன ஜேர்மன் படையாட்களில் கனபேருக்குச் செத்த நாள் தெரியாததால், 1945 டிசம்பர் 31 என்று ஒரே நாளைப் போட்டு முடித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதே மாதிரி நீயும் யுத்தம் முடிந்த நாளை எடுத்து அண்ணனின் தலையில் கட்டிவிட்டாய். ஒரு தாய் உயிரோடு இருக்கும்போது இப்படிச் செய்ய உனக்கு எப்படி மனம் வந்தது? இன்னொன்று, வீழ்ந்த என்று எழுதியிருக்கிறாய். அவன் என்ன கோட்டையா, நகரமா வீழ்வதற்கு? அவன் உழவு மெசின் ஓட்டினவன். உன்னுடைய அண்ணன்.

இப்போது உனக்கு ஒன்று சொல்லப்போகிறேன். பதினாறு வருசமாக நான் ஆருக்கும் சொல்லாதது. நீ போட்ட திகதி பிழை. எனக்குச் சரியான நாள் தெரியும், ஏனென்றால் அவனுக்கு மண் போட்டது நான்தான். பங்குனியில் அப்பா வயிற்றில் காயப்பட்டுக் காயக்காரரின் கப்பலில் திருகோணமலைக்குப் போனது உனக்குத் தெரியும். கப்பலில் ஏத்தேக்கை, பெடியனைப் பாத்துக்கொள்ளும் எண்டு என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். இருபத்தேழு வயதுப் பெடியனை நான் பார்க்கிறதாம். அவன்தான் என்னைப் பார்த்தான். மாத்தளனில் கடற்கரைப் பக்கம் நானும் அவனும். சித்திரை வருசம் பிறந்து ஐந்தாம் நாள் பின்னேரம், முந்தின நாள் காற்று மேலே கட்டியிருந்த எங்கள் தறப்பாளைக் கிழித்துவிட்டது என்று, அம்மாவுக்கு வெயில் படுகுது எண்டு சொல்லிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் கீழே குழிக்குள் இருந்தேன். சத்தம் கேட்டது. பிறகு தறப்பாள் என்மேல் விழுந்தது, அதோடு அவனும். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையில் கயிறு இருந்தது. நான் அந்தக் குழிக்குள்ளேயே அவனை விட்டு, நானும் இன்னும் இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளினோம். பக்கத்துக் குழியில் ஒரு ஐயர் இருந்தார். எல்லாவற்றையும் விட்டுவந்த மனுசன், பஞ்சாங்கத்தை மட்டும் பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். ஐயா, இண்டைக்கு என்ன திதி எண்டு கேட்டேன். அவர் எடுத்துப் பார்த்து, அபரபக்க நவமி, தேய்பிறையிலை ஒன்பதாம் நாள், அம்மா எண்டார். இரண்டாம் நாள் மாத்தளன் உடைந்து சனத்தோடு சனமாக நான் வெளியே வந்தேன்.

பிறகு செட்டிகுளம் முகாமில் எத்தனையோ நாள் தேடி அப்பாவைக் கண்டுபிடித்தேன். எலும்பும் தோலுமாக, வயிற்றில் தையலோடு, ஒரு கூடாரத்துக்குள் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, பெடியன் எங்கை? பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளை, இவருக்கு அதிர்ச்சி ஒன்றும் தரக் கூடாது என்று முன்னமே எனக்குச் சொல்லியிருந்தது. சனத்துக்கை விடுபட்டுப் போனான், பின்னாலை வருவான் எண்டு சொல்லிவிட்டேன். ஒரு கிழமைக்கு என்று சொன்ன பொய். காயம் ஆறட்டும், பிறகு சொல்லுவம் என்றுதான் நினைத்தேன். காயம் ஆற ஆறு மாதம். பிறகு வீடு வந்து சேர, கூரை போட, வயல் திருத்த என்று நாள் போனது. அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? சித்திரையில் அவனுடைய திதிக்கு நான் விரதம் இருந்து சமைப்பேன். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பலாக்கொட்டைக் கறி, பயத்தம் பாயாசம். எள்ளும் இல்லை, ஐயரும் இல்லை, சமைத்துக் காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். என்ன விரதம் எண்டு முதல் வருசம் கேட்டார். பெடியன் வரவேணுமெண்டு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி எண்டு சொன்னேன். பொய்க்கு மேல் பொய். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் நம்பிக்கொண்டிருக்கிறார், கரன். உன் புத்தகத்தில் ஸ்டாலின்கிராட்டில் பிடிபட்ட தொண்ணூறாயிரம் பேரில் சொற்பம் பேர்தான் திரும்பினார்கள், கடைசி ஆட்கள் வந்தது ஐம்பத்தைந்தாம் ஆண்டு என்று வாசித்தபோது, நிப்பாட்டும் எண்டு சொன்னார். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகும் வந்திருக்கினம், என்ன எண்டு மட்டும் கேட்டார். இந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியதிலிருந்தே எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை, அன்றைக்கு இரவு துளியும் இறங்கவில்லை.

இதற்குள் வருகிற வியாழனுக்கு அடுத்த வியாழன், இருபத்தேழாம் திகதி, அவருக்குக் கண் ஒப்பிரேசன். லென்ஸ் வைத்தால் ஒரு மாதத்தில் பத்திரிகை வாசிக்கலாம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து, முதல் வேலை கரன்ரை புத்தகத்தை நானே முதல் பக்கத்திலை இருந்து வாசிக்கிறது எண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார். முதல் பக்கத்திலிருந்தாம். எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். தாளைக் கிழிப்போம் என்று பார்த்தேன், அவர் விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார், புத்தகத்தைத் தாள் தாளாக எண்ணி வைத்திருக்கிற மனுசன். அதனால் நேற்று அவர் வைரவர் கோயிலடிக்குப் போன நேரம் சோற்றுப் பருக்கையை மசித்து, ஐந்தாம் பக்கத் தாளையும் அதற்கு முந்தின தாளையும் ஒன்றாக ஒட்டிவிட்டேன். நாற்பது வருசம் புத்தகத்தைக் காலால் மிதித்தாலே தொட்டுக் கும்பிடுகிறவள் நான். உன்னால் இந்த வேலையும் செய்தாகிவிட்டது.

இது காணாது என்று போன கிழமை விஜிதரன் பரந்தனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிறான். உன் பள்ளிக்கூடச் சிநேகிதன் என்று தேத்தண்ணி கொடுத்தால், அன்ரி, சித்திரையிலை புத்தக வெளியீடு வைக்கப்போறம், நூறு புத்தகம் என்ரை கடையிலை வந்து கிடக்கு, கிருசாந்தன் அண்ணையின்ரை படம் ஒண்டு வேணும், மாலை போடுறதுக்கு எண்டு வாசலில் நின்று சொல்கிறான். நல்ல காலம், அப்பா கிணற்றடியில் நின்றார். விளக்குமாற்றை எடுக்காத குறையாக அவனை அனுப்பினேன். அவன் பாவம், நீ சொன்னதைத்தான் செய்கிறான். ஆகையால் கேள். அந்த வெளியீடு நடக்கக் கூடாது. நூறு புத்தகத்தில் ஒன்றும் அந்தக் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. ஐந்தாம் பக்கம் இல்லாமல் ஒரு புத்தகம் அச்சடித்து அப்பாவுக்கென்று அனுப்பு, எப்படிச் செய்வாயோ எனக்குத் தெரியாது. வரைபடம் போட்டுப் பெரிய பெரிய படைகளை நகர்த்தினவனுக்கு ஒரு தாளை எடுக்க வழி தெரியாதா? செய்யாவிட்டால், நீ ஆடிக்கு வரும்போது இந்த வாசலில் உனக்குச் சாப்பாடு கிடையாது. தாய் இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே, தாய்தான் இப்படி எழுதுவாள்.

மற்றப் புதினம் என்றால், காலபோகம் பரவாயில்லை. கடைசியில் பெய்த மழை கதிரைச் சாய்த்துவிட்டது, மெசின்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டினான். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருமோ என்று இன்னும் கூட்டம் வைக்கிறார்கள். சிவலைப் பசு நாம்பன் கன்று போட்டிருக்கிறது. உன் முதுகு நோவுக்கு யதுர்ஷிகாவை வேப்பெண்ணெய் சூடாக்கித் தேய்க்கச் சொல், மணக்கிறது என்று முகம் சுளிக்காதே. லக்சிகாவைத் தமிழ் வகுப்புக்கு விடாமல் விடாதே. அப்பாவின் ஒப்பிரேசனுக்கு நீ கவலைப்பட வேண்டாம், அடுத்த வீட்டு இராசமலர் அக்கா துணைக்கு வருகிறா. நாளைக்கு இதைத் தபாலில் போடுகிறேன்.

22.03.2025, சனிக்கிழமை

தம்பி கரன், கடிதம் தபாலுக்குப் போகவில்லை. புதன்கிழமை பஸ் வரவில்லை, வியாழன் எனக்குக் காய்ச்சல். மிச்சம் எழுத வேண்டி வந்துவிட்டது. முன்னே எழுதியதை நான் வெட்டவில்லை, அந்தக் கோபமும் உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று மத்தியானம் பெர்லின் அதிகாரம். கடைசி அதிகாரம். அதையும் வாசித்து, ஜப்பானில் போட்ட இரண்டு குண்டையும் வாசித்து, புத்தகத்தை மூடினேன். அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். மடியில் வைத்து, முதலில் இருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தார். முதல் தாளைக் கடந்ததும் விரல் நின்றுவிட்டது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நெல்மணி பதம் பார்க்கிற மாதிரி உருட்டிப் பார்த்தார். இஞ்சாரும், இந்தத் தாள் தடிச்சிருக்கு எண்டார். அச்சுக்காரன் ஒட்டிப்போட்டானாக்கும் எண்டேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். அச்சுக்காரன் ஜேர்மனியிலை சோத்துப் பசையோ பாவிக்கிறான் எண்டு கேட்டார். கேத்திலிலை தண்ணி கொதிக்க வையும் எண்டார்.

வைத்தேன். வேறு என்ன செய்வது? ஆவியில் அந்தத் தாளைப் பிடித்து அவரே மெல்ல மெல்லப் பிரித்தார், ஒரு எழுத்துக்கும் காயம் வரவில்லை. என்னிடம் தந்து, இப்ப வாசியும், முழுக்க வாசியும் எண்டார். களத்தில் நெல்லைப் பரப்பி என்று தொடங்கினேன். உங்கடை பேர்தான் எண்டு நிறுத்தப் பார்த்தேன். அதுக்குக் கீழை எண்டார். இனி என்ன, தலைக்கு மேலே வெள்ளம். 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் வீழ்ந்த அண்ணா கிருசாந்தனுக்கும் என்று வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவருக்கு என்ன நடக்குமோ, நெஞ்சைப் பிடிப்பாரோ என்று பயம்.

பிழை எண்டார்.

அதே சத்தம், கோழி ஓடுகிற சத்தம். நான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன், மனுசன் அசையாமல் இருக்கிறார். மே இல்லை, ஏப்ரல், ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை, சரியோ எண்டு கேட்டார். அந்த நாளின்ரை இங்கிலீசுத் திகதி எனக்குத் தெரியாது, வருசம் பிறந்து அஞ்சாம் நாள் எண்டேன். அப்ப சரி எண்டார். உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டேன். உம்மடை விரதம் ஒரு வருசம் செவ்வாய், ஒரு வருசம் ஞாயிறு, ஒருக்கால் புதன், அம்மனுக்கு நேர்த்தியெண்டால் திங்களோ வெள்ளியோ கிழமை பாத்து வரும், இப்பிடி ஓடித்திரியாது, மூண்டாம் வருசமே கலண்டரைப் பாத்தனான், மூண்டு வருசமும் சித்திரை அபரபக்க நவமி, திதி பாத்துச் சமைக்கிற சோறு ஆருக்கெண்டு எனக்குத் தெரியாதோ, பிறகு ஐயரிட்டைப் போய்ப் பழைய பஞ்சாங்கத்தைப் பாத்துத் திகதி எடுத்தனான், அண்டையிலை இருந்து ஒவ்வொரு வருசமும் நான் என்ரை பிள்ளையின்ரை திவசச் சோறு எண்டு தெரிஞ்சுதான் சாப்பிடுறன் எண்டார். என்ன சொல்கிறாய், கரன்? நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டு, திதியைத் தவறவிட மனமில்லாமல் அந்த நாளிலேயே அடுப்பை மூட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையில் சமைத்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது. ஆனால் நவமியை விட்டு வேறு நாளில் அவனுக்குச் சோறு வைக்க என்னால் முடிந்திருக்குமா?

ஏன் இவ்வளவு காலமும் கேக்கேல்லை எண்டு அவரோடு சண்டைக்குப் போனேன். உண்மையாகவே கோபம் வந்துவிட்டது, பதினாறு வருசம் நான் தனியக் கிடந்து செத்திருக்கிறேன். நீரே சொல்லுவீர் எண்டு இருந்தனான், கேட்டால் அவனை உம்மடை கையாலை இன்னொருக்கால் புதைக்கச் சொல்லுற மாதிரி இருக்கும் எண்டு விட்டனான் எண்டார். அப்ப ஸ்டாலின்கிராட்டிலை பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகும் வந்தவை எண்டு சொன்னது என்னத்துக்கு எண்டேன். உமக்காகச் சொன்னது, நீர் சோறு சாப்பிடாமல் இருக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும், உமக்கு ஒரு ஆறுதல் எண்டு நினைச்சன் எண்டார். இரண்டு கிழங்களும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று ஒரே வீட்டுக்குள் இருந்து இத்தனை வருசத்தைத் தின்றிருக்கிறோம். பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன். சிவலைப் பசு கத்திய பிறகுதான் பால் கறக்கிற நேரம் போனது தெரிந்தது.

இன்று காலை, என்ன செய்துகொண்டு நிண்டவன் எண்டு கேட்டார். சொன்னேன். தறப்பாள், கயிறு, வெயில் எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு உனக்கு எழுதச் சொன்னதை எழுதுகிறேன். இந்த வருசம் சித்திரை நவமிக்கு ஐயரைக் கூப்பிட்டு, எள்ளும் தண்ணீரும் அவர் தன் கையால் இறைக்கப்போகிறார். பெற்றவன் பிள்ளைக்கு இறைப்பது முறையோ என்று ஆரும் கேட்டால், கேட்கிறவரை வெளியே போகச் சொல்வாராம். வெளியீட்டை அதற்குப் பிறகு, அவருடைய கண் தெளிந்த பிறகு வைக்கலாம். விஜிதரனிடம் சொல்லி நூறு புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல். நூறு ஐந்தாம் பக்கத்திலும் நீ போட்டதை வெட்டி, சரியானதை அவர் தன் கையால் எழுதுவாராம், வேறு ஒருவரையும் தொட விடமாட்டாராம். கண் வந்ததும் முதல் வேலை அதுதானாம். அடுத்த முறை அச்சடிக்கும்போது நீ போட வேண்டியது இது, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு எழுத்தும் மாற்றாதே.

2009 ஏப்ரல் 18 சனிக்கிழமை பின்னேரம், மாத்தளனில், அம்மாவுக்கு வெயில் படாமல் தறப்பாள் கட்டிக்கொண்டு நின்ற அண்ணா கிருசாந்தனுக்கு.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கேட்காமல் போட்டது போட்டதுதான். நீ ஆடிக்கு வா, நேரே வைத்துப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. சாப்பாடு போடுவேன். யதுர்ஷிகாவுக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். அப்பாவின் கண் ஒப்பிரேசன் வியாழன் காலை எட்டு மணிக்கு, உங்கள் நேரத்துக்கு விடியற்காலையாக இருக்கும், எழும்பி ஒரு விளக்கு ஏற்று. வேப்பெண்ணெயை மறக்காதே.

இப்படிக்கு,
உன்னையும் கிருசாந்தனையும் பெற்ற அம்மா,
ஐ. கமலாசனி